எட்டுப் பேர், ஐந்நூறு கிலோ

அத்தியாயம் 14

கூரியரில் வந்த பெட்டிக்குள் என்ன இருந்தது என்று போன வாரம் கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடை பார்க்கும் மெஷின். கண்ணாடித் தட்டு வைத்தது, கால் பட்டதும் விழித்துக்கொள்வது. கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்கும் கெஸியா தன் அம்மாவுக்கு வாங்கிய கிறிஸ்துமஸ் பரிசு. பண்டிகை முடிந்த மறுநாள் மாலைதான் மலையேறி வந்து சேர்ந்தது.

"ஒரு சீலை எடுத்துக் குடுத்திருந்தா கட்டிக்கிட்டுக் கோயிலுக்காவது போயிருப்பேன்" என்று ஜெஸிந்தா அலுத்துக்கொண்டாள். ஆனால் பெட்டியைப் பிரித்த வேகத்தைப் பார்த்தவர்கள் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த வேகத்துக்குக் காரணம் இருந்தது. ஜெஸிந்தா கீழ் கோத்தகிரி போகும் வழியில் இருக்கும் சில்வர்புரூக் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். வயது நாற்பத்தைந்து. எஸ்டேட்டின் பெண்கள் கயிறு இழுக்கும் அணிக்கு அவள்தான் கேப்டன், கயிற்றின் வால் முனையைத் தோளில் சுற்றிக்கொண்டு நிற்கும் கடைசி ஆளும் அவள்தான். வருஷா வருஷம் டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி தோட்டங்களுக்கு இடையே போட்டி. எட்டுப் பேரும் சேர்ந்து ஐந்நூறு கிலோவைத் தாண்டக் கூடாது. முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு எடை போடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாளுக்கு மறுநாள் எடை பார்க்கலாம் என்று முடிவு செய்த புண்ணியவான் வீட்டில் யாரும் பலகாரமே சுட்டிருக்க மாட்டார்கள்.

போன வருஷம் மூன்று கிலோ கூடிப்போய், கயிற்றைத் தொடாமலே திரும்பி வந்தார்கள். எஸ்டேட்டுக்கே பிளம் கேக் சுடுபவள் ஜெஸிந்தாதான் என்பதால், "எல்லாம் அவ கேக்கு பண்ணுன வேலை" என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் முழுக்கப் பேச்சு. ஒரு மாதம் வரைக்கும் குழாயடியில் அவளுக்கு வழி விட்டவர்கள்கூட முகம் பார்த்துப் பேசவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் டிசம்பர் ஒன்றாம் தேதி, எட்டுப் பேரும் கயிற்றின் மேல் கை வைத்துச் சொல்லிக்கொண்டார்கள். எடை போடும் வரை கேக் இல்லை, அதிரசம் இல்லை, முறுக்கு இல்லை.

சொல்வது சுலபம். கேரல் பாடப் போகிற வீட்டில் தட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வருத்தப்படுவார்கள். இந்துக்கள் வீடு, கிறிஸ்தவர்கள் வீடு என்று நாற்பது வீடு. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். தட்டில் இருப்பதைச் சிரித்த முகத்தோடு வாங்கி, கேரல் அங்கியின் பையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மறுநாள் பிள்ளைக் காப்பகத்தில் கொடுத்துவிடுவது. கேரல் ஜீப்பில் ஏறாமல் லயத்துக்கு லயம் மேடும் பள்ளமுமாக நடந்தே போனார்கள். சாயங்காலம் சில்வர் ஓக் மரத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். ஜெஸிந்தா முப்பத்தெட்டு கேக் சுட்டாள், ஒரு துணுக்குகூட வாயில் வைக்கவில்லை. பதம் பார்த்ததெல்லாம் அவள் கணவர் சில்வஸ்டர். அவருடைய ஸ்வெட்டர் பட்டன்கள் இப்போது பூட்டிக்கொள்ள மறுக்கின்றன.

இனி, இருபத்தேழாம் தேதி காலை.

*

ஆறரை மணி. ஜெஸிந்தா வேலைக்குக் கிளம்பி நின்றாள். ரப்பர் பூட்ஸ், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், தலையில் கம்பளித் துண்டு. பத்து மணிக்கு மேல்தான் அணிக்கு லீவு.

"பூட்ஸைக் கழட்டிட்டு ஏறும்மா" என்றாள் கெஸியா.

"இலை ஷெட்டுத் தராசுல இப்பிடியேதான் நிப்பேன். நேத்து எழுபத்திரெண்டரை. உன்ற மெஷினு என்ன சொல்லுதுன்னு பாத்துரலாம்."

ஏறினாள். எண் கொஞ்சம் தடுமாறி நின்றது. எழுபத்து நாலரை.

இறங்கி மறுபடி ஏறினாள். எழுபத்து நாலரை.

"ஏனுங்க, இங்க வாங்க" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள். சில்வஸ்டர் டீ டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தார்.

"புது மெஷினு ஜெஸி. ரெண்டு நாளைக்கு அப்பிடித்தான் காட்டும்."

"இது என்னப்பா செருப்பா, போடப் போட இளகறதுக்கு?" என்றாள் கெஸியா.

அவள் மூலையில் இருந்த பத்துக் கிலோ அரிசி மூட்டையை, கடையில் தைத்த தையல் பிரிக்காமல், தூக்கிவந்து தட்டில் வைத்தாள். பத்து கிலோ நூறு கிராம்.

சில்வஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக இலை ஷெட்டில் கொழுந்து எடை போடுகிறவர் அவர். அணியை வாராவாரம் சனிக்கிழமை நிறுத்தி எடை பார்த்ததும் அவர்தான். டீயை வைத்துவிட்டு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டார். "வா, என்ற தராசுல போட்டுக் காட்டறேன். அப்புறம் பேசு."

இலை ஷெட் வாசலில் வேலாயி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். அணியில் மூத்தவள், ஏழு வயதில் இலங்கையிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள், அடுத்த வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறவள். மூவரும் அரிசி மூட்டையோடு வருவதைப் பார்த்து, "என்ன, கொழுந்துக்குப் பதிலா அரிசி பறிச்சிட்டு வாறீங்களா?" என்றாள்.

சில்வஸ்டர் மூட்டையைத் தராசில் வைத்தார்.

எட்டு கிலோ.

அவர் மூட்டையை இறக்கினார். காலித் தட்டு, மைனஸ் இரண்டு காட்டியது. அது எப்போதும் மைனஸ் இரண்டுதான் காட்டும். கொழுந்தோடு வரும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எஸ்டேட்டில் இரண்டு கிலோ கழித்தே தராசை வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வருஷமாகப் பார்த்த எண், அவர் கண்ணில் படுவதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது.

"நான் உன்னையச் சாக்குக் கணக்குலயே எடை போட்டுட்டேன் ஜெஸி" என்றார் மெதுவாக.

ஜெஸிந்தாவுக்கும் அந்த இரண்டு கிலோ தெரியும். எட்டுப் பேருக்கும் தெரியும். அந்தக் கழிவுக்காக இதே ஷெட் வாசலில் தினம் சாயங்காலம் சண்டை போடுகிறவர்கள்தான் எட்டுப் பேரும். "சாக்கு என்ன ரெண்டு கிலோவா இருக்குது?" என்று ஜெஸிந்தாவே எத்தனை முறை இடுப்பில் கை வைத்து நின்றிருக்கிறாள். கொழுந்தில் குறைத்தால் வாய் கிழியப் பேசியவர்கள், தங்கள் உடம்பில் குறைத்தபோது ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு ஒரு நாளும் தோணலயாங்க வேலாயிக்கா?"

"மூணாவது சனிக்கிழமையே தோணிச்சு புள்ள" என்றாள் வேலாயி, டம்ளரைக் கழுவி ஊற்றிக்கொண்டே. "குறைச்சுக் காட்டுற தராசுகிட்ட போய் எவ சண்டை போடுவா?"

நேற்றைய மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்றேழு. எட்டு இரண்டு பதினாறு. ஐந்நூற்றுப் பதின்மூன்று.

நாலு மணிக்கு எடை.

*

பத்து மணிக்குப் பிள்ளைக் காப்பகத்தில் எட்டுப் பேரும் கூடினார்கள். கெஸியா கதவைச் சாத்தி, பூட்ஸ், ஸ்வெட்டர், தலைத்துண்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். போட்டிக்குப் போடும் டி-ஷர்ட்டும் பேண்ட்டும் மட்டும். குளிரில் பல் தந்தியடிக்க ஒவ்வொருத்தியாகக் கண்ணாடித் தட்டில் ஏறினார்கள். தொட்டில் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன.

சுகுணா மட்டும் இறங்கும்போது சிரித்தாள். அணியிலேயே பலசாலி அவள். இரண்டு சாக்குக் கொழுந்தை ஒரே தலையில் சுமந்து வருபவள். போன வருஷம் அவள் அணியில் மாற்று ஆளாக இருந்தாள், இந்த வருஷம்தான் எட்டில் ஒருத்தி. "எனக்கு அரைக் கிலோ குறைஞ்சிருக்குக்கா. நெசமாவே குறைஞ்சிருக்கு" என்று ஜெஸிந்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

உண்மையில் யாருக்குமே ஏறியிருக்கவில்லை. ஊரெல்லாம் மைதாவும் சர்க்கரையுமாக மிதந்த ஒரு மாதத்தில் எட்டுப் பெண்கள் ஒரு கிலோகூடக் கூடாமல் நின்றிருக்கிறார்கள். தொடங்கிய இடத்தைத்தான் தப்பாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

மொத்தம், ஐந்நூற்றிரண்டு கிலோ நானூறு கிராம். ஜெஸிந்தா மட்டும் சரியாக எழுபத்து மூன்று.

"ரெண்டரைக் கிலோதானே" என்றாள் சுகுணா. "மத்தியானச் சோறு வேண்டாம். தண்ணியும் வேண்டாம். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஓடுனா வேர்த்துக் கொட்டிடும்."

"அதெல்லாம் கூடாதுங்கக்கா" என்றாள் கெஸியா. இருபத்தொரு வயதுக்காரியின் குரலில் திடீரென்று ஒரு ஆஸ்பத்திரி வாசனை வந்தது. "வேர்வையில போறது தண்ணிதான், கொழுப்பு இல்ல. இன்னைக்குத் தண்ணி குடிக்காம இருந்தா நாளைக்குக் கையில பிடிப்பே இருக்காது. கயிறு நழுவுனா பின்னால விழறது நீங்க மட்டும் இல்ல. மத்தியானம் எல்லாரும் சாப்பிடறீங்க. முட்டை, சுண்டல், கொஞ்சமாச் சோறு. தாகம் எடுத்தாத் தண்ணி. அளவு மீறாம இருந்தாப் போதும்."

"அப்ப ரெண்டரைக் கிலோவுக்கு?"

கெஸியா அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "மாற்று ஆள் பேர்ல யாரு இருக்காங்களோ அவங்களை ஒருத்தருக்குப் பதிலா நிறுத்தலாம்."

"யாரு இருக்கா?"

"நான்தாங்கக்கா" என்றாள் கெஸியா. "அம்மா நவம்பர்லயே என்கிட்டக் கேக்காம என்ற பேர எழுதிக் குடுத்திருக்காங்க. எண்ணிக்கைக்கு ஒரு பேரு வேணும்னு. நான் அம்பத்தி நாலரை. அம்மா எழுபத்தி மூணு. அம்மாவுக்குப் பதிலா நான் நின்னா..."

"நிறுத்து" என்றாள் ஜெஸிந்தா.



"காலேஜ்ல படிச்சா எல்லாம் தெரிஞ்சிருமா? கையைக் காட்டு. காட்டுடி." மகளின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினாள். பூப்போல இருந்தது. "இந்தக் கையில கயிறு அஞ்சு நிமிஷம் நிக்குமா? முப்பத்தெட்டுக் கேக்கு சுட்டேன், ஒண்ணைக்கூட மோந்து பாக்கல. அது என்ற கயிறு. கடைசியில நாந்தான் நிப்பேன்."

கெஸியாவின் முகம் சிவந்துபோயிற்று. அம்மாவை அவமானப்படுத்த அவள் நினைக்கவேயில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்ததைத்தான் சொன்னாள். ஆனால் எட்டுப் பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று இப்போது புரிந்தது.

*

கோத்தகிரிக்கு ஜீப் வேண்டாம், நடந்தே போகலாம் என்று வேலாயிதான் சொன்னாள். ஏழு கிலோமீட்டர் ஏற்றம். சாப்பிட்டு முடித்து ஒரு மணிக்குக் கிளம்பினார்கள். கெஸியா எண்ணி எடுத்துவந்த தண்ணீர் பாட்டில்களோடு பின்னால் வந்தாள்.

அந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போருக்குப் போகிறவர்கள் மாதிரி போனார்கள். கேரல் மெட்டில் சுகுணா பாட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள், மேல்பாறை எஸ்டேட் பெண்களின் தொடையைப் பற்றியும் தொப்பையைப் பற்றியும். போன வருஷம் கோப்பையை வாங்கியவர்கள் மேல்பாறைக்காரர்கள்தான். வளைவில் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை நீட்டிக் கையாட்டினார்கள். தேயிலைச் சரிவில் வெயில் அடித்தது. கெஸியாவுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. மூச்சு வாங்கப் பாட்டின் கடைசி வரியை எல்லோரோடும் சேர்ந்து கத்தினாள்.

ஜெஸிந்தா பாடவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் இருபதடி தூரத்தில் தனியாக நடந்தாள். மத்தியானம் தட்டில் போட்டுக்கொண்ட சோற்றை அவள் நாய்க்கு வைத்ததை யாரும் பார்க்கவில்லை. கெஸியா நீட்டிய பாட்டிலை வாங்கி வாயருகே கொண்டுபோய் மூடியதையும் பார்க்கவில்லை.

அவள் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இந்த வருஷம் அந்த மைதானத்திலிருந்து கயிற்றைத் தொடாமல் திரும்பக் கூடாது.

*

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஜெஃப்ரி மாஸ்டர். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், சிரிக்கவே தெரியாத மனிதர். போன வருஷமும் அவர்தான் எடை போட்டார்.

சில்வர்புரூக்கை நாலு ஐந்துக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியாக வெறுங்காலோடு ஏறினார்கள். கெஸியா கைப்பேசியில் கூட்டிக்கொண்டே வந்தாள். வேலாயி அறுபத்தாறு. சுகுணா அறுபத்து மூன்று. ஏழு பேர் முடிந்தபோது நானூற்று இருபத்தொன்பது கிலோ இருநூறு கிராம்.

ஜெஸிந்தா எழுபது கிலோ எண்ணூறுக்குள் இருந்தாக வேண்டும்.

அவள் கம்மலைக் கழற்றிக் கெஸியாவிடம் கொடுத்தாள். ஜெபமாலையைக் கழற்றி முத்தமிட்டுக் கொடுத்தாள். ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுபத்தொண்ணு அறுநூறு" என்றார் ஜெஃப்ரி மாஸ்டர். "மொத்தம் ஐந்நூறு புள்ளி எட்டு. எண்ணூறு கிராம் கூட. நாலரைக்குள்ள ஒரே ஒரு தடவை மறுபடி ஏறலாம்."

எண்ணூறு கிராம். ஒரு சின்ன கேக் அவ்வளவுதான் இருக்கும்.

ஜெஸிந்தா ஸ்வெட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். பெண்கள் கரையில் நின்று கைதட்டினார்கள். "இன்னும் ரெண்டு சுத்துக்கா" என்று சுகுணா கூடவே ஓடினாள். வேலாயி மாதாவையும் மாரியம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். மேல்பாறைக்காரர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

மூன்றாவது சுற்றில் கெஸியா குறுக்கே வந்து நின்றாள்.

"எழுபத்தி மூணுல இருந்து ஆறு மணி நேரத்துல ஒண்ணரைக் கிலோ இறங்காது. சாப்பிடவே இல்ல, அப்படித்தானே?"

"தள்ளிப் போ."

"என்ற கையைப் பிடி. ஒரே ஒரு தடவை. கயிறுன்னு நெனச்சு இறுக்கிப் பிடி. நான் உருவறேன். உருவ முடியலன்னா நானே உன்கூட ஓடறேன்."

ஜெஸிந்தா பிடித்தாள். சில்வர் ஓக் மரத்தையே ஆட்டிய பிடி அது. இந்த எஸ்டேட்டில் அந்தப் பிடியிலிருந்து கையை உருவியவர்கள் யாரும் இல்லை.

கெஸியா இழுத்தாள். கை வந்துவிட்டது.

ஜெஸிந்தா தன் விரல்களைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நாளை காலை ஒன்பது மணிக்கு இந்த விரல்களை நம்பி முன்னால் ஏழு பேர் சாய்வார்கள்.

கெஸியாவுக்கு அழுகை வந்தது. "கணக்குக்காகச் சொல்லலம்மா. பயமா இருக்கும்மா" என்றாள்.

ஜெஸிந்தா அவள் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பாட்டிலை வாங்கி அத்தனை தண்ணீரையும் நின்றபடியே குடித்தாள். அரை லிட்டர் தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்று எட்டுப் பேருக்கும் தெரியும்.

மேஜைக்கு நடந்தாள்.

"மாற்று ஆள் இருக்காங்களா?" என்றார் ஜெஃப்ரி மாஸ்டர். போன வருஷம் கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

"இருக்காங்க சார். கெஸியா."

கெஸியா ஏறினாள். ஐம்பத்து நாலு அறுநூறு. மொத்தம் நானூற்று எண்பத்து மூன்று எண்ணூறு. மாஸ்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். சில்வர்புரூக் உள்ளே வந்துவிட்டது. ஏழு பேரும் ஓடிவந்து கெஸியாவைத் தூக்கிவிட்டார்கள். பந்தல் துணி கிழிகிற மாதிரி ஒரு கூச்சல்.

சுகுணா திரும்பி வந்து ஜெஸிந்தாவைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "மனசத் தளர விடாதக்கா. நீ சைடுல நின்னு சத்தம் குடு, அது போதும். ரூல மாத்துனாங்களே, அதுவே புண்ணியம். போன வருஷமும் இப்பிடி ஆளு மாத்த விட்டிருந்தா நான் நின்னிருப்பேன். புதுசா ஷூவெல்லாம் வாங்கிப் போட்டுட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. திரும்பும்போது ஜீப்பில் அந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுததும் ஞாபகம் இருந்தது.

இதை இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப் போவதில்லை என்று ஜெஸிந்தாவுக்குத் தெரிந்தது. விஷயம் தெரிந்த வேலாயி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரூலு மாறல சுகுணா" என்றாள் ஜெஸிந்தா. "போன வருஷமும் மாஸ்டர் கேட்டாரு. மாற்று ஆளு இருக்கான்னு. நான்தான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"எப்பிடிக்கா இல்லைன்னு சொன்ன? நான் வெளியதான நின்னுட்டிருந்தேன்."

"தெரியும். நீ வந்தா நான் வெளிய போகோணும். எனக்கு மனசு வரல."

சுகுணாவின் கை அவள் தோளிலிருந்து நழுவியது. கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ பந்தல் காலில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்தா சில்வஸ்டர் வந்து சேர வேண்டும்? நடந்தது எதுவும் தெரியாமல், ஜீப்பிலிருந்து இறங்கி, ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். காலையிலிருந்து மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டிருந்த மனிதர்.

"உனக்குன்னு ஒண்ணு ஒளிச்சு வச்சிருந்தேன் ஜெஸி. எடை முடிஞ்சுதுல்ல, சாப்பிடு."

மூடியைத் திறந்தார். கிராம்பும் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த வாசனை, இருபத்தேழு நாளாக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போன வாசனை. இப்போது அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது. எட்டில் அவள் இல்லை.

கெஸியாவின் கை, ஒரு யோசனையும் இல்லாமல், டப்பாவுக்குள் போயிற்று.

ஜெஸிந்தா பட்டென்று அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். "நாளைக்குக் கயிறு பிடிக்கற கை அது. ஜெயிச்சுட்டு வந்து தின்னு."

கெஸியா கையைத் தடவிக்கொண்டே சிரித்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"அம்மா, முத்திரை குத்தியாச்சு, இனிமே நீகூட மாற்று ஆளா நிக்க முடியாது" என்றாள் அடுத்த நொடி, மைதான வாசலைப் பார்த்தபடி. "சுகுணாக்கா நாளைக்கு வரலன்னா ஏழு பேர் ஆயிரும்."

ஜெஸிந்தா டப்பாவை மூடிக் கணவரின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். ஒரு மாதம் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது. காய்கறிக் கடைகளைத் தாண்டி, ஸ்டாண்டுக்குள் புகுந்து, நகர ஆரம்பித்துவிட்ட கீழ் கோத்தகிரி பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்து ஏறிவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் ஓடும் பஸ்ஸில் ஏறியதற்கு டிரைவர் நல்ல வார்த்தை நாலு சொன்னார்.

சுகுணா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜெஸிந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். சுகுணா வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் வந்து நின்றார். பெண்களுக்குக் காசில்லாத டிக்கெட்.

"ரெண்டு குடுங்க" என்றாள் ஜெஸிந்தா.

சுகுணா முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டினாள்.

"எனக்குத் தனியாக் கிழிச்சுக் குடுங்க."